டிவி இருந்த மூலை

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா போன் செய்தார். "டிவி செத்துப்போச்சு. நடுவுல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்னுச்சு, அப்புறம் அதுவும் போயிருச்சு. நீதானே இன்ஜினியரு, வந்து பாரு."

படுக்கைவாட்டில் ஒரே ஒரு கோடு நின்றால், மின்கற்றையை மேலும் கீழும் இழுக்கும் சுற்று பழுதாகிவிட்டது என்று பொருள். பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் எங்கள் புளோக்கின் கீழே இருந்த கடையில் சரிசெய்து கொடுத்திருப்பார்கள். அந்தக் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். 21 அங்குலப் பெட்டி அது. 2019 அக்டோபரில் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி முடித்தபோதுகூட, டிகோடர் ஒன்றைச் செருகி அதற்கு உயிர் கொடுத்து வைத்திருந்தோம். இனி முடியாது. "புதுசு வாங்கிச் சுவத்துல மாட்டிடலாம்மா, ஹாலுல இடமும் மிச்சமாகும்" என்றேன்.

"அப்ப அந்த மூலைய என்ன பண்றது?" என்று கேட்டார் அம்மா.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. நம் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும்போது பால்வாளி வருகிறது, உளி வருகிறது, லயத்து வீடு வருகிறது. அந்த வீட்டுக்குள் ஒரு பெட்டி நுழைந்து எந்த மூலையைப் பிடித்தது, அங்கிருந்து எதை நகர்த்தியது, அதன் பின்னாலேயே வந்த நாடாக்களும் வட்டுகளும் கடைசியில் என்ன ஆயின என்பதை என் வீட்டு அளவிலாவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில், டிவி ஏன் மூலைக்குப் போனது? பழைய டிவிக்குள் இருந்தது ஒரு கண்ணாடிப் புனல். புனலின் கழுத்திலிருந்து கிளம்பும் மின்கற்றையைக் காந்தச் சுருள்கள் வளைத்துத் திரை முழுவதும் ஓடவிடும். கற்றையை எவ்வளவு அகலமாக வளைக்க முடிகிறதோ அவ்வளவுக்குப் புனலின் நீளம் குறையும். ஆரம்பகாலக் குழாய்களில் அந்தக் கோணம் 70 டிகிரி அளவில் இருந்தது, பிறகு 90 ஆனது, பிறகு 110. பெட்டியின் முதுகைக் குறைக்கப் பொறியாளர்கள் பல வருடங்கள் நடத்திய சண்டை அது. அப்படியும் எங்கள் 21 அங்குல டிவியின் ஆழம் ஏறக்குறைய அரை மீட்டர்.

கனமும் அப்படித்தான். புனலுக்குள்ளே வெற்றிடம். வெளியே காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்துகிறது. 21 அங்குலத் திரை ஒன்றின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் என்று கணக்கு வருகிறது. அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி. கனத்தில் பெரும்பங்கு முகத்தில் இருந்ததால், அந்த டிவியைத் தூக்கியவர்கள் எல்லோரும் திரையைத் தங்கள் நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்கினார்கள்.

முன்னால் அகலம், பின்னால் குறுகல். இந்த வடிவத்தை நேர்ச்சுவரில் வைத்தால் பின்பக்கம் இரண்டு ஓரமும் வீணாகிவிடும். மூலையில் வைத்தால் புனலின் கழுத்து சரியாக மூலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த வடிவியல் பாடமும் படிக்காமல் எங்கள் தாத்தா கண்டுபிடித்த விஷயம் இது. ஆனால் அவர் வீட்டில் அந்த மூலை காலியாக இல்லை.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபம்தான் அதன் முதல் வீடு. கோலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் பிடித்தன. பாட்டி சொல்வதுபடி முதல் டிவி கிராணி வீட்டில். நான்கு கால் வைத்த மரப்பெட்டி, திரைக்கு முன்னால் இழுத்து மூடும் கதவு, கதவுக்குச் சாவி. சாவி கிராணி மனைவியின் இடுப்பில். பிள்ளைகள் தரையில் உட்காரலாம், பெரியவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். "கால் வலிக்கும். ஆனா படம் முடிஞ்சி நடந்து வரப்பதான் வலிக்கிறதே தெரியும்" என்பார் பாட்டி.

அந்த நாளில் டிவி ஒரு மேஜை நாற்காலி மாதிரித்தான் செய்யப்பட்டது. இடத்தை மிச்சப்படுத்தும் எண்ணம் அதில் இல்லை. இடம் இருக்கிற வீட்டுக்குத்தான் அது வந்தது.

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது 1982இல், கறுப்பு வெள்ளை. 1978 டிசம்பர் 28இலேயே தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பு தொடங்கிவிட்டிருந்தது. அதனால்தான் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று கைமாறி லயத்து வீடு வரை வந்தது. தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடும், இரவு 10க்கு நிற்கும். படம் முடிந்ததோ இல்லையோ, டிவி முடிந்துவிடும்.

முன்னறையில் கதவுக்கு எதிர்மூலையில் சாமி மேடை இருந்தது. மற்ற மூலைகளில் ஒன்றில் கதவு, ஒன்றில் அடுப்படிக்குப் போகும் வழி, ஒன்றில் தாத்தாவின் கட்டில். ஆக, சாமியா டிவியா என்ற பேச்சு வந்தது. இரண்டு நாள் தாத்தாவோடு பேசாமல் இருந்துவிட்டுப் பாட்டி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: சாமியைவிட டிவி உயரமாக இருக்கக் கூடாது. தோட்டத்து ஆசாரி பழைய கட்டில் பலகையில் முக்கோணமாக ஒரு தாழ்ந்த ஸ்டாண்டு செய்து கொடுத்தார். முருகன் பக்கத்துச் சுவரில் மேலே ஏறினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் டிவியின் உயரத்தை நிர்ணயிப்பது சாமிதான்.

அந்த முக்கோண ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பொந்து இருந்தது. அடுத்து அதற்குள் வந்தவை வீடியோ நாடாக்கள். ஜேவிசி நிறுவனம் 1976இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட விஎச்எஸ் நாடா, 1980களில் எங்கள் பக்கத்துப் பட்டணத்து வாடகைக் கடைகள் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தது. அப்பா அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த இளைஞர். சம்பளத்தைச் சேர்த்து ஒரு வீடியோ பிளேயர் வாங்கினார். ஒரு நாடாவின் அளவு 187 மி.மீ. நீளம், 103 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன். 100 படம் சேர்த்தால் இரண்டரை மீட்டர் தட்டு வேண்டும். லயத்து வீட்டில் அதற்கு எங்கே போவது? அப்பாவிடம் 30 நாடா சேர்ந்ததும் பொந்து நிறைந்துவிட்டது. மிச்சம் கட்டிலுக்குக் கீழே போனது. கட்டிலுக்குக் கீழே ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். வெயிலில் காயவைப்பார்கள், சூட்டில் நாடா நெளியும். சேர்த்துவைக்க இடமில்லாதவன் சேர்த்தது கெட்டுப்போகும் என்பதை எங்கள் வீடு முதலில் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

பிறகு வந்தது விசிடி. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு பொருள் நம் பக்கத்தில் பத்து வருடம் ஆட்சி செய்தது. 1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி நான்கும் சேர்ந்து அதன் விதிமுறையை வகுத்தன. அதே காலத்தில் சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்தில் வன்யான் என்ற சிறு நிறுவனம் முதல் விசிடி கருவிகளைச் செய்தது. பிறகு சீனத் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்து குவித்தன. பூஞ்சை பிடிக்காது, திருப்பிச் சுற்ற வேண்டாம், 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன். புழுக்கமான, சிறிய வீடுகளுக்கென்றே செய்ததுபோல இருந்தது.

விசிடியில் ஒரு வட்டுக்கு 74 நிமிடம். தமிழ்ப்படம் இரண்டரை மணி நேரம். ஆக இரண்டு வட்டு, சிலசமயம் மூன்று. என் வயதுக்காரர்களுக்கு இடைவேளை என்பது இயக்குநர் வைத்த இடத்தில் வந்ததில்லை. பாட்டின் நடுவில், சில சமயம் ஒரு வசனத்தின் நடுவில் வரும். "டிஸ்க்க மாத்து" என்று அப்பா சொல்வார், நானும் தம்பியும் யார் மாற்றுவது என்று அடித்துக்கொள்வோம்.

அந்த 74 நிமிடமே ஒரு தந்திரத்தால் கிடைத்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். கணினிக் கோப்பு வைக்கும் சிடியில் ஒவ்வொரு கட்டத்திலும் 2048 பைட் தகவல். மிச்ச இடத்தில் பிழை திருத்துவதற்கான கூடுதல் குறியீடு இருக்கும். கீறல் விழுந்தாலும் அதைக்கொண்டு தொலைந்த எண்ணைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். விசிடியில் படத்துக்கு இடம் போதவில்லை. அந்தக் கூடுதல் பாதுகாப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் 2324 பைட் படத்தை நிரப்பினார்கள். படத்தில் ஒரு புள்ளி போனால் கண்ணுக்குத் தெரியாது என்ற நியாயம். சரியான நியாயம்தான், வட்டு புதிதாக இருக்கும்வரை.

1990களின் கடைசியிலிருந்து பாசார் மாலாமில் துணிக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் விசிடி மேஜை ஒன்று கட்டாயம் இருந்தது. திருட்டு வட்டுதான். பெரும்பாலோருக்கு அது தெரியும். அதை ஒடுக்க அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாமல் வட்டு அச்சடிப்பதைக் குற்றமாக்கியது. சோதனை வந்தால் மேஜை ஒரு நிமிடத்தில் மடங்கும், அடுத்த வாரம் மீண்டும் விரியும். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் ஒன்று உண்மை. கிராணி வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்தவரின் மகன், ஐந்து வெள்ளி கொடுத்து ஒரு படத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து தட்டில் அடுக்கிவைக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தட்டின் முன்னால் நின்று, "இன்னைக்கு எது பார்க்கலாம்" என்று அப்பா விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் இருந்த ஒரே நூலகம் அதுதான்.

2008இல் லயத்தை விட்டு வெளியேறினோம். 1980களிலிருந்தே தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிக்கொண்டிருந்தன. புத்ராஜெயாவே பெராங் புசார் என்ற ரப்பர் தோட்டத்தின் மேல்தான் எழுந்தது. எங்கள் முறை தாமதமாக வந்தது, அவ்வளவுதான். போன இடம் மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடி. 700 சதுர அடி, மூன்று அறை. லயத்தைவிடச் சின்னது என்று சொல்ல முடியாது. ஆனால் லயத்துக்கு முன்னால் வாசல் இருந்தது, பக்கத்தில் கொட்டகை இருந்தது, வீட்டுக்குள் கொள்ளாதது வெளியே இருந்தது. எட்டாவது மாடியில் வெளியே என்று ஒன்று கிடையாது.

அப்போது எனக்கு 11 வயது. ஹாலின் அகலம் மூன்று மீட்டர். மூலையில் புதிதாக வாங்கிய அலமாரி, அதில் டிவி. எதிரே சோபா. நடுவில் இரவில் தம்பிக்கு மெத்தை விரிக்க வேண்டும். அப்பாவின் வட்டுகள் அட்டைப்பெட்டிகளில் கட்டியபடியே கிடந்தன. அம்மா, "இத எங்கதான் வைக்கிறது, தூக்கிப் போடுங்க" என்று தினமும் சொன்னார். அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது நான்.

பள்ளிக்கூடத் தோழி வீட்டில் ஜிப் வைத்த வட்டுப்பை பார்த்திருந்தேன். ஒரு தாளுக்கு நான்கு உறை. அப்பாவிடம் காசு வாங்கி இரண்டு பை வாங்கினேன். பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து 240 வட்டுகளையும் அவற்றின் பெட்டிகளிலிருந்து கழற்றினேன். ஒவ்வொன்றின் மேலும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதினேன். நோட்டில் பட்டியல் போட்டேன். பெட்டிகளையும் அட்டைப்படங்களையும் குப்பைக்குக் கொடுத்தோம். 240 வட்டை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 29 செ.மீ.தான், ஒரு அடிக்கும் குறைவு. நான்கு அட்டைப்பெட்டி இரண்டு பைக்குள் அடங்கியதைப் பார்த்து அப்பா, "பெரிய இன்ஜினியரா வருவ" என்றார். நான் பொறியியல் எடுத்ததற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

நான் செய்த தவறு என்னவென்று இப்போது தெரியும். வட்டில் மின்னுகிற பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பிடிப்போம். உண்மையில் அந்தப் பக்கம் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. தகவல் இருப்பது எழுத்து அச்சடித்த மேல்பக்கத்துக்கு அடியில். மெல்லிய உலோகப்படலம், அதன்மேல் தலைமுடித் தடிமன்கூட இல்லாத ஒரு பூச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் உள்ளே நசுங்கும். இறுக்கமான பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் புழுங்கினால் பூச்சு உறையோடு ஒட்டிக்கொள்ளும், உருவும்போது உலோகம் உரிந்து வரும். நான் வீசிய பெட்டி, வட்டை நடுத்துளையில் மட்டும் பிடித்து, இரண்டு பக்கமும் எதுவும் படாமல் வைத்திருந்தது. வீணான இடம் என்று நான் நினைத்தது அந்தக் காற்றைத்தான்.

இது அம்மா போன் செய்தபிறகுதான் விளங்கியது. புதிய டிவி வாங்கினேன், 43 அங்குலம். பழையதைப்போல் இரண்டு மடங்கு திரை, எடை எட்டு கிலோ. முதுகில் 200 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள். எந்த நிறுவனத்து டிவியையும் எந்தச் சட்டத்திலும் மாட்ட உதவும் இந்த ஒழுங்கின் அடிப்படை 1990களில் வகுக்கப்பட்டது. சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சுக்குப் பின்னால் திடமான கல் இருக்கும் இடத்தில் துளை போட்டேன். பலரும் மாட்டுவதுபோல் கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டவில்லை. உட்கார்ந்தால் கண்மட்டம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல். முருகனைவிடத் தாழ்வு என்று அம்மா அளந்து பார்த்து ஒத்துக்கொண்டார். ஹாலில் 40 செ.மீ. மிச்சமானது. தம்பி இனி மேஜையை நகர்த்தாமல் மெத்தை விரிக்கலாம்.

பழைய அலமாரியை இழுத்தபோது அதன் அடித்தட்டில் இரண்டு பைகள். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வட்டுக்கு 700 மெகாபைட் என்றால் 240க்கும் 168 கிகாபைட். விரல்நகம் அளவுள்ள ஒரு நினைவக அட்டை போதும். படங்கள் போனால் போகட்டும், இணையத்தில் கிடைக்கும். ஆனால் 117, 118 என்று நான் எண்ணிட்ட இரண்டு வட்டுகள் எங்கேயும் கிடைக்காது. 2003இல் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த அத்தையின் கல்யாணம். எங்களுக்குத் தெரிந்து, அந்தத் தோட்டம் அசையும் படமாக இருப்பது அதில் மட்டும்தான்.

117ஐ உருவியபோது சின்னச் சத்தம் கேட்டது. வெளி ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. சாதாரணமாக நகல் எடுக்கப் பார்த்தால் பாதியில் நின்றது. படிக்க முடியாத கட்டத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பித் திரும்பி வந்து முயலும் மென்பொருளைப் போட்டு, வெளியே செருகும் பழைய வட்டுக்கருவி ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டேன். 41 நிமிடம் கிடைத்தது. 118 முழுதாக வந்தது.

இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே போகும், சிடி உள்ளிருந்து வெளியே போகும். ஆகவே ஓரம் கெட்டால் போவது வட்டின் கடைசிப் பகுதி. அந்தக் கல்யாணத்தில் முதல் வட்டின் கடைசியில் இருந்தது தாலி கட்டும் காட்சி. அது போய்விட்டது. இரண்டாம் வட்டில் பந்தியும் மொய்யும். முதல் வட்டின் தொடக்கத்தில், எல்லாக் கல்யாண வீடியோவிலும் எல்லோரும் ஓட்டிவிடுகிற பகுதி இருந்தது. தோட்டத்துப் பெயர்ப்பலகை, கோயில் கோபுரம், பிறகு கேமராக்காரர் ஏதோ வண்டியில் உட்கார்ந்து மெதுவாக எடுத்த லயத்து வரிசை. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். அது பழுதில்லாமல் இருந்தது.

அத்தைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "போனா போகட்டும் பிள்ள. கட்டினவரு இங்கதானே ஈசி சேர்ல உட்கார்ந்திருக்காரு. லயம் தெரியுதா? அத மொதல்ல அனுப்பு" என்றார்.

இளையவர்கள் நீங்கள் யாராவது இந்தத் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து டிவியைச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால், மாட்டுங்கள். நல்ல காரியம். ஆனால் அலமாரியை வெளியே தூக்குவதற்கு முன்னால் அதன் அடித்தட்டைப் பாருங்கள். சினிமாவையும் வீட்டு வட்டையும் பிரியுங்கள். வீட்டு வட்டை நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். பிறகு வட்டைக் கெட்டியான பெட்டியில், நிற்கவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி 11 வட்டு தேறியது. டிவிக்குக் கீழே 15 செ.மீ. ஆழத்தில் ஒரு சின்னத் தட்டு அடித்தேன், அதில் நிற்கின்றன. தட்டு பாதிதான் நிறைந்திருக்கிறது. மிச்சத்தை நிரப்ப எனக்கு அவசரமில்லை.

மூலையில் இப்போது தம்பியின் மெத்தை சுருட்டி நிற்கிறது.

தீபாவளி அன்று மதியம் 117ஐப் புதிய டிவியில் போட்டேன். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. அந்தத் திரை காட்டக்கூடியதில் 80இல் ஒரு பங்குதான். லயம் கட்டம் கட்டமாக, தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஓடியது. சோபாவிலிருந்து பார்த்தால் எது கதவு, எது ஜன்னல் என்றே தெரியவில்லை. அம்மா எழுந்து, பழைய அலமாரி இருந்திருந்தால் நிற்கவே முடியாத இடத்தில், சுவரோடு ஒட்டி நின்றார். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"இதான் நம்ம வீடு. ஏழாவது கதவு. உங்கப்பா சட்டை காயுது பாரு" என்றார்.

எனக்கு ஒரு நீலப் புள்ளிதான் தெரிந்தது. தெரிகிறது என்றேன்.